புதுச்சேரிக் கடற்கரையில் வீட்டு எரிபொருளும் மாற்று ஆற்றலும்

வீட்டு மாற்று ஆற்றல் என்பது சமைத்தல், விளக்கெரித்தல், நீர் சூடாக்குதல் போன்ற வீட்டுத் தேவைகளுக்கு விறகு, மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு ஆகியவற்றுக்குப் பதிலாகவோ அவற்றுடன் சேர்த்தோ பயன்படுத்தப்படும் ஆற்றல் மூலங்களைக் குறிக்கும். சாண எரிவாயு, சூரிய அடுப்பு, கூரைச் சூரிய மின்சாரம் முதலியன இவற்றுள் அடங்கும். விறகைச் சிக்கனமாக எரிக்கும் மேம்பட்ட அடுப்புகளும் மின்னாற்றலைக் குறைவாக உண்ணும் விளக்குகளும் ஆற்றல் மூலங்கள் அல்ல எனினும், எரிபொருள் செலவைக் குறைப்பதால் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

எரிபொருள் விலை உயரும்போதெல்லாம் மாற்று ஆற்றல் பற்றிய பேச்சும் எழுகிறது. ஆனால் எந்த மாற்று எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பது அவ்வீட்டின் இடம், வருமானம் வரும் முறை, கூரை, சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பொறுத்தது. இக்கட்டுரை புதுச்சேரி நகருக்குத் தெற்கே அமைந்துள்ள மீனவர் ஊரான வீராம்பட்டினத்தையும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

இடமும் வாழ்க்கையும்

வீராம்பட்டினம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த கடற்கரை ஊர் ஆகும். பழங்கால வணிகத் தலமான அரிக்கமேடு இதன் அருகில் உள்ளது. இவ்வூரின் செங்கழுநீரம்மன் கோயிலில் ஆடி மாதத்தில் நடைபெறும் தேர்த்திருவிழா பிரெஞ்சு ஆட்சிக் காலம் முதலே புகழ்பெற்றது. மீன்பிடித்தலே ஊரின் முதன்மைத் தொழில்.

மீனவர் குடும்பத்தை எரிபொருள் விலை இரண்டு வழிகளில் தாக்குகிறது. முதலாவது, படகின் பொறிக்கு வேண்டிய டீசல் அல்லது மண்ணெண்ணெய். பிடித்த மீனை விற்ற பணத்தில் எரிபொருள் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிக்கப்படுவது வழக்கம் என்பதால், டீசல் விலை உயர்ந்தால் வீட்டுக்கு வரும் பங்கு குறைகிறது. இரண்டாவது, வீட்டு அடுப்பு. வருமானம் குறையும் அதே காலத்தில் அடுப்புக்கான செலவு கூடுகிறது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் நடைமுறையில் உள்ள மீன்பிடித் தடைக்காலமும் இங்குக் கருதத்தக்கது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு விதிக்கப்படும் இத்தடை முன்னர் 45 நாட்களாக இருந்தது. பின்னர் இது ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இந்நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அரசின் தடைக்கால நிவாரணத் தொகையே பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கிறது. அடுப்பு எரிவதற்குத் தடைக்காலம் இல்லை.

விலையேற்றத்தின் வரலாறு

உலக அளவில்

1973 ஆம் ஆண்டின் அரபு–இசுரேல் போரைத் தொடர்ந்து எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தின. ஏறத்தாழ 3 டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. 1979 ஆம் ஆண்டு ஈரானியப் புரட்சியை அடுத்து மீண்டும் ஒரு பெரும் உயர்வு ஏற்பட்டது. 2008 சூலையில் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை சென்று, அவ்வாண்டு இறுதிக்குள் 40 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2022 ஆம் ஆண்டு உருசியா உக்ரைன் மீது படையெடுத்தபோது விலை மறுபடியும் 120 டாலரைக் கடந்தது.

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் மிகப் பெரும் பகுதியை இறக்குமதி செய்கிறது. சமையல் எரிவாயுவிலும் பாதிக்கு மேல் இறக்குமதியே. ஆகவே உள்நாட்டுச் சிலிண்டர் விலை, சவூதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலைகளையும் டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பையும் சார்ந்துள்ளது.

இந்தியாவில்

சமையல் எரிவாயு இந்தியாவில் 1955 ஆம் ஆண்டு மும்பையில் பர்மா செல் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் 1965 ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. நீண்ட காலம் இதன் விலையை அரசே நிர்ணயித்து மானியம் வழங்கி வந்தது. பின்னர் ஏற்பட்ட முக்கிய மாற்றங்கள் வருமாறு:

* 2010 சூன்: பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2014 அக்டோபரில் டீசலுக்கும் நீக்கப்பட்டது.
* 2012 செப்டம்பர்: மானிய விலைச் சிலிண்டர்கள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6 என வரையறுக்கப்பட்டன. இது 2013 சனவரியில் 9 ஆகவும் 2014 சனவரியில் 12 ஆகவும் உயர்த்தப்பட்டது.
* 2015 சனவரி: மானியத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் பகல் திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் முழு விலையையும் முதலில் செலுத்த வேண்டியதாயிற்று.
* 2016 மே: ஏழைக் குடும்பங்களுக்கு வைப்புத்தொகை இன்றி இணைப்பு வழங்கும் பிரதமரின் உச்சுவலா திட்டம் தொடங்கப்பட்டது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன.
* 2020 மே: பொது நுகர்வோருக்கான மானியம் பெரும்பாலான இடங்களில் நின்றது.

தில்லியில் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் 2020 நவம்பரில் 594 ரூபாயாக இருந்தது. 2022 மே மாதத்தில் அது 1,000 ரூபாயைக் கடந்து, 2023 மார்ச்சில் 1,103 ரூபாயை எட்டியது. 2023 ஆகத்து இறுதியில் 200 ரூபாயும் 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டு 803 ரூபாய் ஆனது. 2025 ஏப்ரலில் மீண்டும் 50 ரூபாய் உயர்ந்து 853 ரூபாய் ஆயிற்று. பிற ஊர்களில் போக்குவரத்துச் செலவைப் பொறுத்து விலை சற்று வேறுபடும். ஏற்ற இறக்கத்தின் போக்கு ஒன்றே.

புதுச்சேரியில்

பெட்ரோல், டீசல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை முதலில் 2017 மே 1 அன்று ஐந்து நகரங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்டது. அவற்றுள் புதுச்சேரியும் ஒன்று. விசாகப்பட்டினம், உதய்ப்பூர், சாம்செட்பூர், சண்டிகர் ஆகியன மற்றவை. அவ்வாண்டு சூன் 16 முதல் இம்முறை நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது.

2023 மார்ச்சில் தாக்கல் செய்யப்பட்ட புதுச்சேரி வரவு செலவுத் திட்டத்தில், குடும்ப அட்டைதாரர்களுக்குச் சமையல் எரிவாயு உருளைக்கு மாதம் 300 ரூபாய் மானியம் வழங்கப்படும் என முதலமைச்சர் ந. ரங்கசாமி அறிவித்தார். சிலிண்டர் விலை உச்சத்தில் இருந்த மாதம் அது.

விலையும் பயனுறு வெப்பமும்

எரிபொருள்களை ஒப்பிடும்போது ஒரு கிலோவின் விலையையோ ஒரு லிட்டரின் விலையையோ மட்டும் பார்ப்பது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும். எரிபொருளில் உள்ள மொத்த வெப்பத்தில் ஒரு பகுதியே பாத்திரத்தைச் சென்றடைகிறது. இப்பகுதி பயனுறு வெப்பம் எனப்படும்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 46 மெகாசூல் வெப்பம் உண்டு. 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 653 மெகாசூல் அடங்கும். அடுப்பின் செயற்திறன் 60 விழுக்காடு எனக் கொண்டால், பாத்திரத்தைச் சேர்வது ஏறத்தாழ 392 மெகாசூல். இதே அளவு பயனுறு வெப்பத்தைப் பெற வேண்டிய பிற எரிபொருள்களின் அளவு கீழே தரப்பட்டுள்ளது:

* விறகு, மூன்று கல் அடுப்பு (செயற்திறன் 12 விழுக்காடு): ஏறத்தாழ 200 கிலோ
* விறகு, மேம்பட்ட அடுப்பு (25 விழுக்காடு): ஏறத்தாழ 100 கிலோ
* மண்ணெண்ணெய், திரி அடுப்பு (50 விழுக்காடு): ஏறத்தாழ 23 லிட்டர்
* சாண எரிவாயு (55 விழுக்காடு): ஏறத்தாழ 34 கன மீட்டர்
* மின்சாரம், மின்தூண்டல் அடுப்பு (80 விழுக்காடு): ஏறத்தாழ 136 யூனிட்

இவை தோராயமான அளவுகள். காற்றின் வேகம், பாத்திரத்தின் அடிப்பகுதி, விறகின் ஈரப்பதம், மூடியிட்டுச் சமைப்பது ஆகியவற்றால் மாறுபடும்.

இக்கணக்கைக் கொண்டு எந்த வீட்டினரும் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் விலையை 136 ஆல் வகுத்தால் வரும் தொகையே சமநிலை விலை. எடுத்துக்காட்டாக, சிலிண்டர் 853 ரூபாய் என்றால் 853 ÷ 136 = 6.27 ரூபாய். மின்கட்டணம் யூனிட்டுக்கு இதைவிடக் குறைவாக இருந்தால் மின்தூண்டல் அடுப்பு மலிவு. கூடுதலாக இருந்தால் எரிவாயு மலிவு. படிநிலைக் கட்டணம் நிலவும் இடங்களில், சமையலுக்காகக் கூடுதலாகச் செலவாகும் யூனிட்டுகள் எந்தப் படியில் விழுகின்றன என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மரபான எரிபொருள்கள்

விறகு

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கடற்கரைப் பகுதிகளில் சவுக்கு முதன்மையான விறகு மரம் ஆகும். மணற்பாங்கான நிலத்தில் விரைவாக வளரும் இம்மரம் 19 ஆம் நூற்றாண்டில் எரிபொருள் தேவைக்காகச் சோழமண்டலக் கடற்கரையில் பரவலாக நடப்பட்டது. இதனுடன் தென்னை மட்டை, பாளை, பனையோலை, முந்திரி விறகு ஆகியனவும் பயன்படுகின்றன.

விறகைச் சிறிது சிறிதாக வாங்கலாம்; பொறுக்கியும் கொள்ளலாம். ஆகவே விலையேற்றக் காலங்களில் ஏழைக் குடும்பங்கள் விறகுக்குத் திரும்புகின்றன. இதற்குச் செலுத்தும் விலை பணமாக வெளித்தெரிவதில்லை. வீட்டினுள் எரிபொருள் புகையால் ஏற்படும் காற்று மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அடுப்பருகில் மிகுந்த நேரம் இருக்கும் பெண்களும் சிறு குழந்தைகளுமே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர்.

மண்ணெண்ணெய்

நியாயவிலைக் கடைகளில் மானிய விலையில் கிடைத்த மண்ணெண்ணெய், பல பத்தாண்டுகள் சிறு நகரக் குடும்பங்களின் அடுப்பையும் விளக்கையும் எரித்தது. 1970களில் இந்தியன் ஆயில் நிறுவனம் உருவாக்கிய நூதன் திரி அடுப்பு பரவலாகப் பயன்பட்டது. 2016 முதல் மண்ணெண்ணெய் விலை சிறு சிறு படிகளாக உயர்த்தப்பட்டு, மானியம் படிப்படியாக நீக்கப்பட்டது. இதனால் கையில் உள்ள சிறு தொகைக்கு ஏற்ப அரை லிட்டர், ஒரு லிட்டர் என வாங்கக்கூடிய எரிபொருள் பெருமளவில் இல்லாமற் போனது.

மாற்று மூலங்கள்

மேம்பட்ட விறகடுப்பு

புகையற்ற அடுப்பு முயற்சிகள் இந்தியாவில் 1940களிலேயே தொடங்கிவிட்டன. ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ். பி. ராசு புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை உருவாக்கினார். 1947 ஆம் ஆண்டு வார்தாவில் மகன் அடுப்பு அறிமுகமானது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974 ஆம் ஆண்டு தொடங்கிய அசுத்ரா மையம், மூன்று பாத்திரம் வைக்கக்கூடிய அசுத்ரா அடுப்பை வடிவமைத்தது.

1980களின் நடுப்பகுதி முதல் 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் அவற்றுள் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கியைத் துப்புரவு செய்யாமை, உடைந்த பகுதிகளைச் சீர்செய்ய ஆளில்லாமை, உள்ளூர்ப் பாத்திர அளவுக்கு அடுப்பின் வாய் பொருந்தாமை ஆகியவை காரணங்களாகக் குறிப்பிடப்படுகின்றன.

சாண எரிவாயு

சாணம், உணவுக் கழிவு போன்ற கரிமப் பொருட்களைக் காற்று புகாத கலனில் நுண்ணுயிரிகள் செரிக்கும்போது வெளிப்படும் வாயு, சாண எரிவாயு அல்லது உயிர்வாயு எனப்படும். இதில் 50 முதல் 70 விழுக்காடு மீத்தேன் உள்ளது. மிதக்கும் கொப்பரை வடிவத்தைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் பரப்பியது. 1984 இல் உருவான தீனபந்து வடிவம் செங்கல்லால் கட்டப்பட்ட நிலைத்த குவிமாடம் கொண்டது, செலவு குறைந்தது.

ஒரு கிலோ பசுஞ்சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டிய 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணம், அதாவது நான்கு அல்லது ஐந்து மாடுகள் தேவை. உழவர் வீடுகளுக்குப் பொருந்தும் இவ்வடிவம் மீனவர் குடியிருப்புகளுக்குப் பொருந்துவதில்லை. அங்கு மாடுகள் குறைவு, வீட்டுமனை சிறியது, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த மணற்பகுதியில் குழி தோண்டுவதும் கடினம்.

சமையலறைக் கழிவைப் பயன்படுத்தும் சிறு கலன்கள் இதற்கு ஒரு மாற்று. புனேயைச் சேர்ந்த ஆர்ட்டி நிறுவனம் 2006 ஆம் ஆண்டும், திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பயோடெக் நிறுவனம் 2007 ஆம் ஆண்டும் இத்தகைய கலன்களுக்காக ஆசுடன் விருது பெற்றன. சாணம் ஏற்கனவே மாட்டின் வயிற்றில் செரிக்கப்பட்ட பொருள். சோறு, கஞ்சி போன்ற மாவுப்பொருட்கள் அவ்வாறு அல்ல. ஆகவே எடைக்கு எடை இவை பல மடங்கு வாயு தருகின்றன.

மீன் கழிவையும் செரிக்க இயலும். ஆனால் அதில் நைதரசன் மிகுதி. மீன் கழிவை மட்டும் இட்டால் கலனில் அம்மோனியா பெருகி மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகளைத் தடுக்கும். கரிமத்துக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் 20 முதல் 30 வரை இருக்கும்படி காய்கறிக் கழிவு, சாணம் முதலியவற்றைக் கலக்க வேண்டும். உப்பு நீர் கலப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சூரிய அடுப்பு

பெட்டி வகைச் சூரிய அடுப்பு, கண்ணாடி மூடியிட்ட கருமைநிறப் பெட்டியினுள் வெப்பத்தைச் சிறைப்பிடிக்கிறது. உள்ளே 100 முதல் 140 பாகை செல்சியசு வரை வெப்பம் ஏறும். அரிசி, பருப்பு வேக இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். எரிபொருள் செலவு அறவே இல்லை. ஆயினும் தாளிக்கவோ வறுக்கவோ இயலாது. விடியற்காலையும் இரவும் பயன்படாது. கடலுக்குச் செல்வோர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய நேரம் பெரும்பாலும் இவையே.

கூரைச் சூரிய மின்சாரம்

தமிழகக் கடற்கரையில் 1 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 யூனிட், மாதத்துக்கு 120 யூனிட் மின்சாரம் தரும். இதற்கு நிழல் விழாத ஏறத்தாழ 10 சதுர மீட்டர் கூரை வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி, இது மின்தூண்டல் அடுப்பில் ஒரு சிலிண்டர் அளவுச் சமையலுக்குச் சற்றே குறைவானது. பகலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வலையமைப்புக்கு அனுப்பி, இரவில் திரும்பப் பெற்றுக் கணக்கைச் சரிசெய்யும் நிகர அளவீட்டு முறையால் இது இயலுகிறது.

2024 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் என மானியம் அறிவிக்கப்பட்டது. இது முதல் 2 கிலோவாட்டுக்கான அடிப்படை விலையில் 60 விழுக்காடு ஆகும். எஞ்சிய தொகையை வீட்டுக்காரர் செலுத்த வேண்டும். சொந்தமான உறுதியான கூரையும் மின் இணைப்பும் தேவை. வாடகை வீட்டினரும் கீற்று, தகடு வேய்ந்த கூரை உடையோரும் இதனால் பயன்பெறுவது அரிது.

புதுச்சேரி வட்டார முயற்சிகள்

ஆரோவில் சூரிய சமையற்கூடம்

புதுச்சேரிக்கு வடக்கே, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில் 1968 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இங்குள்ள பொதுச் சமையற்கூடம் 1997 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ண வடிவ எதிரொளிப்பான் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. கிண்ணத்தின் உட்புறத்தில் ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன.

பொதுவாகச் சூரிய எதிரொளிப்பான்கள் சூரியனை நோக்கித் திரும்ப வேண்டும். இங்குக் கிண்ணம் அசைவதில்லை. கோள வடிவக் கண்ணாடியில் விழும் கதிர்கள் ஒரு புள்ளியில் குவியாமல், சூரியன் இருக்கும் திசைக்கு ஏற்ப ஒரு கோட்டின் மீது குவிகின்றன. அக்கோட்டின் மீது இருக்குமாறு நீண்ட குழாய் வடிவ ஏற்பி மட்டும் கணினி உதவியுடன் நகர்த்தப்படுகிறது. அதில் சூடேறும் நீர்மத்தின் வெப்பத்தால் நீராவி உண்டாக்கப்பட்டுச் சமையலுக்குப் பயன்படுகிறது. ஒரு வேளைக்கு ஏறத்தாழ 1,000 பேருக்குச் சமைக்கும் அளவில் இது திட்டமிடப்பட்டது. மேகமூட்ட நாட்களுக்கு டீசல் கொதிகலன் துணையாக வைக்கப்பட்டது.

இவ்வமைப்பு ஒரு வீட்டுக்கு உரியதன்று. பலருடைய சமையல் ஓரிடத்தில் நிகழும்போதே இதன் முதலீடு ஈடாகும்.

எல்.ஈ.டி. விளக்குத் திட்டம்

வீடுகளுக்கு எல்.ஈ.டி. விளக்குகளைக் குறைந்த விலையில் வழங்கும் இந்திய அரசின் திட்டம், நாட்டிலேயே முதலில் 2014 ஆம் ஆண்டு புதுச்சேரியில் செயற்படுத்தப்பட்டது. பழைய குண்டு விளக்குகளுக்கு மாற்றாக வீடுகளுக்கு எல்.ஈ.டி. விளக்குகள் ஒன்று 10 ரூபாய்க்கு வழங்கப்பட்டன. விளக்கின் எஞ்சிய விலை, மின்சாரச் சேமிப்பிலிருந்து பல ஆண்டுகளில் ஈடுசெய்யப்பட்டது. இங்குப் பெற்ற அனுபவத்தைத் தொடர்ந்து 2015 சனவரியில் நாடு தழுவிய திட்டம் தொடங்கப்பட்டு, பின்னர் உசாலா எனப் பெயர் பெற்றது. பெருமளவுக் கொள்முதலால், 2014 இல் 310 ரூபாயாக இருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே குறைந்தது.

பிற மாற்றுகளோடு ஒப்பிடுகையில் இத்திட்டம் வேகமாகப் பரவியதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்: வீட்டுக்காரர் முதலீடு ஏதும் செய்ய வேண்டியிருக்கவில்லை, கூரையோ நிலமோ தேவைப்படவில்லை, அன்றாடப் பழக்கம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கடற்கரைக்கு உரிய சிக்கல்கள்

* உப்புக் காற்று: கடலோர ஈரக்காற்றில் உள்ள உப்பு, அடுப்பின் எரிமுனை, இரும்புத் தாங்கிகள், மின் இணைப்புகள் ஆகியவற்றை அரிக்கிறது. சூரிய மின்தகடுகளை உப்புப் பனியில் சோதிப்பதற்கென ஐ.இ.சி. 61701 என்னும் பன்னாட்டுத் தரம் உள்ளது. கடலோர வீடுகளுக்கு இத்தரம் பெற்ற தகடுகளையும் துருப்பிடிக்காத தாங்கிகளையும் தேர்ந்தெடுப்பது நன்று. தகட்டின் மேற்படியும் உப்பை நன்னீரால் கழுவ வேண்டும்.
* புயல்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்களும் முந்திரி, பலா, சவுக்குத் தோப்புகளும் பெருமளவில் வீழ்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது.
* மின்தடைக் காலம்: மின்கலம் இல்லாத, வலையமைப்புடன் இணைந்த சூரிய மின்னமைப்பு, மின்தடையின்போது வெயில் அடித்தாலும் இயங்காது. கம்பியில் வேலை செய்யும் பணியாளர்களின் பாதுகாப்புக்காக மாற்றி தானே நின்றுவிடும். இதனை அறியாமல் முதலீடு செய்வோர் ஏமாற்றம் அடைவதுண்டு.

ஆகவே புயல் வழியில் உள்ள ஊரில் எல்லாத் தேவைக்கும் ஒரே மூலத்தை நம்புவது இடர் தரும். மின்தூண்டல் அடுப்பு வைத்திருக்கும் வீட்டிலும் ஒரு சிலிண்டரோ நல்ல விறகடுப்போ இருப்பது காப்பாகும்.

இலங்கை அனுபவம்

எரிபொருள் வழக்கம்போல் கிடைக்காத நிலையில் வீடுகள் எவ்வாறு தகவமைகின்றன என்பதற்கு இலங்கைத் தமிழர் பகுதிகள் எடுத்துக்காட்டாகும். 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் எரிபொருளும் அரிதாயின. சிறு போத்தலில் சிறிதளவு எண்ணெய் இட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கிலேயே மாணவர்கள் படித்தனர். மிதிவண்டி டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்நிலை நாடு முழுவதும் வேறு வடிவில் திரும்பியது. 2021 செப்டம்பரில் கொழும்பில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு உருளை 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆயிற்று. பணம் இருந்தும் உருளை கிடைக்காமல் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றனர். மண்ணெண்ணெய் இன்றி மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. நகரக் குடும்பங்களும் விறகடுப்புக்குத் திரும்பின. 1980களில் இருந்து பரப்பப்பட்டு வந்த அனகி என்னும் இரட்டைவாய் மண் அடுப்பு இலங்கையில் ஏற்கனவே பழக்கத்தில் இருந்தது.

முதலீடும் அன்றாடச் செலவும்

மாற்று ஆற்றல் மூலங்கள் பெரும்பாலும் அன்றாடச் செலவைக் குறைத்து, அதற்கு ஈடாகத் தொடக்கச் செலவைக் கூட்டுகின்றன. சூரிய ஒளிக்கு விலையில்லை. அதைப் பிடிக்கும் கருவிக்கு விலை உண்டு. மாதச் சம்பளம் பெறும் குடும்பம் கடன் பெற்று இதைச் செய்ய இயலும். கடலில் கிடைப்பதைப் பொறுத்து வருமானம் பெறும் குடும்பத்துக்கு ஒரு முழுச் சிலிண்டரின் விலையை ஒரே நாளில் புரட்டுவதே சுமையாகலாம். 5 கிலோ சிறு உருளைகள் இதற்கு ஓரளவு தீர்வு.

இதனால் ஒரு முரண் எழுகிறது. விலையேற்றத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படும் வீடுகளே மாற்றுக்கு வேண்டிய கூரை, இடம், முதல் ஆகியவை குறைந்த வீடுகளாக உள்ளன. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019–21 காலத்தில் இந்தியக் குடும்பங்களில் 58.6 விழுக்காட்டினரே தூய எரிபொருளில் சமைத்தனர். எரிவாயு இணைப்பு உள்ள வீடுகள் பலவும் விறகை முற்றாகக் கைவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

புதுச்சேரி வட்டாரத்தின் இரண்டு முயற்சிகளும் இம்முரணுக்கு இரு விடைகள் தருகின்றன. எல்.ஈ.டி. திட்டம் தொடக்கச் செலவை வீட்டின் தோளிலிருந்து இறக்கி, சேமிப்பிலிருந்து ஈடுசெய்தது. ஆரோவில் சமையற்கூடம் அச்செலவைப் பலருக்குப் பகிர்ந்தது. கோயில் திருமண மண்டபம், பள்ளி மதிய உணவுக் கூடம், மீன் ஏலக்கூடம் போன்ற பொதுக் கட்டடங்களின் கூரைகள் மீனவர் ஊர்களில் இத்தகைய பகிர்வுக்கு ஏற்ற இடங்களாகக் கருதத்தக்கவை.

செலவில்லாச் சிக்கன வழிகள்

* மூடியிட்டுச் சமைத்தலும் அழுத்தச் சமையற்கலனைப் பயன்படுத்தலும் எரிபொருளைக் குறைக்கும்.
* அரிசி, பருப்பு, பயறு ஆகியவற்றை முன்னரே ஊறவைத்தால் வேகும் நேரம் குறையும்.
* கொதி வந்தபின் தணலைக் குறைக்கலாம். கொதிக்கும் நீரின் வெப்பநிலை தீயைக் கூட்டினாலும் உயர்வதில்லை.
* கடற்காற்று நேரே படாதவாறு அடுப்புக்கு மறைப்பு வைக்க வேண்டும். ஆனால் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும்.
* எரிவாயுச் சுடர் மஞ்சளாக எரிந்தால் எரிமுனையைத் துப்புரவு செய்ய வேண்டும். நீலச் சுடரே முழு எரிதலைக் காட்டும்.
* விறகை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே எரிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* சாண எரிவாயு
* சூரிய ஆற்றல்
* சமையல் எரிவாயு
* ஆரோவில்
* அரிக்கமேடு
* தானே புயல்